கோணலாகக் கூடிய மணிக்கட்டு

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது எங்கள் தெருவில் கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. மெடிக்கல் கோடிங் என்று சொன்னால், கம்ப்யூட்டர் ப்ரோக்ராமா என்பார்கள். இல்லை என்றால், அப்போ மருந்துக்கடையா என்பார்கள். எதிர்வீட்டு வேதா மாமி பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், விவரம் தெரிந்தவர். அவருக்கே புரியவைக்க எனக்குப் பல சாயங்காலங்கள் ஆயின. அமெரிக்காவில் ஒருத்தர் டாக்டரிடம் போகிறார், டாக்டர் பார்த்ததையும் செய்ததையும் சார்ட்டில் எழுதி வைக்கிறார், அதைப் படித்து இன்ன நோய், இன்ன நிலைமை என்று எழுத்தும் எண்ணுமாகக் கோட் என்கிற ஒரு குறியீடு போடுவது என் வேலை, அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரர்கள் சிகிச்சைக்குச் சம்மதிப்பார்கள் என்று விளக்கினேன். மாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அமெரிக்காக்காரி கையை ஒடிச்சுண்டா, ஸ்ரீரங்கத்துல ஒக்காந்துண்டு ஒனக்கு ஏண்டிம்மா தலைவலி?” என்றார்.

நியாயமான கேள்விதான்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் போல ஆகிறது. ஆபீசில் இப்போது சாஃப்ட்வேரே சார்ட்டைப் படித்துக் கோடையும் போட்டுக் காட்டிவிடுகிறதாம், ஆட்கள் சரிபார்த்தால் போதுமாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கள், உங்கள் காலத்துக் கேஸ் ஏதாவது சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் நான் வாயாடி, தெருவில் அதைவிட. ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். பல வருடத்தில் எத்தனையோ சார்ட் கண்ணுக்கு முன்னால் ஓடியிருக்கிறது. சொல்லு என்றால் எனக்கு ஒரே ஒரு மணிக்கட்டுத்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பிசியோதெரபி. புத்தூரில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். தொட்டியத்தில் வாழைக்கொல்லையில் வழுக்கியவர்கள், ஜீயபுரத்தில் வரப்பில் கால் இடறியவர்கள், எல்லோரும் கையை ஊன்றித்தான் விழுவார்கள். ஊன்றினால் உடைவது மணிக்கட்டு. சிலர் ஒழுங்காகக் கட்டுப் போட்டுக்கொள்வார்கள், சிலர் பாதியிலேயே கட்டைப் பிரித்துவிட்டு அறுப்புக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களுக்கு எலும்பு கூடிவிடும், ஆனால் கோணலாகக் கூடும். கை கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்து நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. அந்தக் கைக்காரர்களைக் கேட்டால் தெரியும். குழாயைத் திருக முடியாது, நனைத்த புடவையைப் பிழிய முடியாது, தரையில் கையை ஊன்றி எழுந்திருக்க முடியாது. வலிக்கிறது என்று சொல்பவர்களைவிட, முடியவில்லையே என்று சொல்லி அழுதவர்கள்தான் அதிகம்.

பிறகு இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஆஸ்பத்திரிச் சம்பளம் வளரவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் கோடிங் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் எல்லாம் நேற்றுக் கல்லூரி முடித்த குஞ்சுகள். முதல் தடவை பரீட்சையில் ஃபெயில், இரண்டாம் தடவை பாஸ். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

ஆபீஸ் தில்லைநகரில் ஒரு மாடியில். உள்ளே போகும்போது போன், பேனா, பேப்பர் எல்லாவற்றையும் வெளியே லாக்கரில் வைத்துவிட வேண்டும், நோயாளிகளின் விவரம் ஒரு எழுத்துக்கூட வெளியே போகக்கூடாது என்பதற்காக. ஏசியை அப்படி வைத்திருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் கையில் ஸ்வெட்டரோடு ஒன்னாம் நம்பர் பஸ்ஸில் ஏறிய ஒரே ஜென்மம் நானாகத்தான் இருப்பேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், நானும் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பேன்.

நோயாளிகளின் பெயரை எங்களுக்குள்கூட வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஒரு சார்ட்டைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் என்ன செய்வது? நாங்களாகப் பெயர் வைத்துக்கொள்வோம். ஏணியிலிருந்து விழுந்தவர் ஏணித் தாத்தா, நாய் இழுத்துக்கொண்டு போய்க் கீழே தள்ளிய வாத்தியாரம்மா நாய் டீச்சர். இந்தக் கதைக்காரிக்கு நான் வைத்த பெயர் ஐஸ் அம்மா. வீட்டு வாசலில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தவர். ஊரும் பேரும் இங்கேயும் சொல்லமாட்டேன்.

இனி பெஞ்சமின் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் ஆடிட்டர், அதாவது நாங்கள் போட்ட கோடுகளில் சிலதை எடுத்துச் சரியா என்று பார்ப்பவர். அதற்கு முன்னால் ஒரு டுடோரியலில் விலங்கியல் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர் என்று சொல்வார்கள். நம்பலாம், ஏனென்றால் ஆபீசிலும் அவர் அப்படித்தான் வாசிப்பார். தவறு கண்டுபிடித்தால் மற்ற ஆடிட்டர்கள்போல மெயில் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடமாட்டார். தன் நாற்காலியை உருட்டிக்கொண்டே நம் இடத்துக்கு வருவார். அந்தச் சக்கரச் சத்தம் கேட்டாலே வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் தங்கள் திரையை ஒரு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்போம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சார்ட்டை முதல் வரியிலிருந்து தாழ்ந்த குரலில், நிறுத்தி நிதானமாக வாசிப்பார். நாம் அவசரத்தில் தாண்டிப்போன வரி அந்தக் குரலில் வந்து காதில் விழும். பாதியிலேயே நமக்குத் தெரிந்துவிடும், முகம் சுருங்கிவிடும். அப்போதும் நிறுத்தமாட்டார், முழுதையும் வாசித்துவிட்டுத்தான் நகர்வார். தப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. திட்டினாலாவது மனசுக்குள் திருப்பித் திட்டலாம், இந்த மனுஷனை என்ன செய்வது?

அவருக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான். டாக்டர் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. சார்ட்டைப் பார்த்தால் நமக்கே பளிச்சென்று தெரியும் விஷயமாக இருக்கலாம். தெரிந்தாலும் போடக்கூடாது. கோடர் டாக்டர் இல்லை.

எலும்பு முறிவுக்கான கோடில் கடைசியாக ஓர் எழுத்து வரும். முறிவுக்கு அப்புறம் ஒவ்வொரு முறை டாக்டரிடம் காட்டும்போதும், எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த ஓர் எழுத்து சொல்லும். ஒழுங்காகக் கூடி வருகிறது என்றால் ‘டி’. மெதுவாகக் கூடுகிறது என்றால் ஒன்று, கூடவே இல்லை என்றால் இன்னொன்று. கோணலாகக் கூடிவிட்டது என்றால் ‘பி’. முன்னால் இருக்கிற எல்லாம் அப்படியே இருக்கும், கடைசி எழுத்து மட்டும் மாறும்.

ஐஸ் அம்மாவின் சார்ட் என் கைக்கு வந்தபோது அவர் விழுந்து சில மாதம் ஆகியிருந்தது. மாவுக்கட்டுப் பிரித்தாகிவிட்டது. அன்றைக்கு டாக்டரிடம் அவர் சொன்னதை வரிவரியாக எழுதியிருந்தார்கள். அவருடைய கணவர் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர். காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பதும், ராத்திரி திரும்பப் படுக்கவைப்பதும் இந்த அம்மாதான், பல வருடமாக. இப்போது அந்தக் கையை ஊன்றவே முடியவில்லை, பிடித்தால் பிடி நழுவுகிறது. ஒரு தடவை அவரைப் பாதியில் கீழே விட்டிருக்கிறார். மகள் வந்து பார்த்துவிட்டு, அப்பாவை நர்சிங் ஹோமில் சேர்த்துவிடுவோம் என்று இடமும் பேசி வைத்துவிட்டாள். பனிக்காலம் முடிகிறவரை பொறு என்று அம்மா தவணை கேட்டிருக்கிறார்.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் போய்ப் படுப்போம், குழந்தை பெறுவோம், துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அங்கே நர்சிங் ஹோம் என்றால் முடியாதவர்களைக் கொண்டுபோய் வைக்கிற இடம். போனவர்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. அந்தச் சொல்லை நான் எத்தனையோ சார்ட்டில் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

டாக்டர் முடிவு செய்திருந்தது ஆபரேஷன். கோணலாகக் கூடிய எலும்பை வெட்டி, நேராக்கி, தகடு வைத்துப் பொருத்த வேண்டும். இன்சூரன்ஸில் முன் அனுமதி கேட்டதற்கு ஒரு தடவை மறுத்திருந்தார்கள். மறுபடி கேட்கப்போகிறோம் என்று எழுதியிருந்தது. ஏன் மறுத்தார்கள் என்று பார்த்தேன். அதே சார்ட்டில் டாக்டரின் முடிவு என்ற இடத்தில், ‘முறிவு எதிர்பார்த்தபடி நன்றாகக் கூடி வருகிறது’ என்று ஒரு வரி. முந்தைய விசிட்டிலும் அதே வரி, அதற்கு முந்தையதிலும் அதே வரி, ஒரு புள்ளி மாறாமல். பழைய சார்ட்டைக் காப்பி எடுத்து அதன்மேலேயே புதியதை எழுதுவது அங்கே வழக்கம், அந்த வரி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நன்றாகக் கூடுகிற எலும்பை எதற்கு வெட்டுகிறீர்கள் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கத்தானே செய்வார்கள்?

எக்ஸ்ரே பிரிவு டாக்டரின் குறிப்பில், எலும்பு பின்பக்கமாகச் சாய்ந்து, நீளம் குறைந்து கூடியிருக்கிறது என்று இருந்தது. எனக்கு அதைப் படிக்கவே வேண்டியதில்லை. கையை ஊன்ற முடியவில்லை, பிடி நழுவுகிறது என்ற இரண்டு வரியிலேயே அந்தக் கை எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதிரிக் கையை நான் மடியில் வைத்து மெழுகு ஒத்தடம் கொடுத்திருக்கிறேன். யோசிக்காமல் ‘பி’ போட்டேன்.

மத்தியானம் சக்கரச் சத்தம் என் பக்கத்தில் வந்து நின்றது.

வாசித்தார். பனியில் விழுந்ததிலிருந்து ஆரம்பித்து, கணவர், கட்டில், மகள், எக்ஸ்ரே, ஆபரேஷன், எல்லாம் வாசித்தார். நன்றாகக் கூடி வருகிறது என்ற வரியையும் அதே குரலில் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, கோணல் என்று டாக்டர் எங்கே எழுதியிருக்கிறார், காட்டுங்கள் என்றார். எக்ஸ்ரே குறிப்பைக் காட்டினேன். அது வேறு டாக்டர் எழுதியது, இந்தக் கைக்கு வைத்தியம் பார்ப்பவர் நேர் எதிராக எழுதியிருக்கும்போது நாமாக ஒரு பக்கம் சாயக்கூடாது என்றார். ஆபரேஷன் என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். காரணம் எழுதவில்லையே என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“சார், பத்து வருஷம் இந்த மாதிரிக் கையைப் பிடிச்சுத் திருப்பியிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. எனக்கும் தெரியுது. அந்த டாக்டருக்கும் தெரியும், இல்லேன்னா ஆபரேஷன் பண்றேன்னு சொல்லுவாரா? அவரு எழுதணும். நம்ம கேப்போம்.”

கேட்பது என்றால் டாக்டருக்குக் கேள்வி அனுப்புவது, அதை எங்கள் பாஷையில் குவெரி என்போம். நான் கோபத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றைத் தட்டிவிட்டேன். ‘எக்ஸ்ரேயையும் நோயாளியின் கஷ்டத்தையும் பார்த்தால் இது கோணலாகக் கூடிய முறிவு என்று தெரிகிறது, தயவுசெய்து அப்படித் திருத்தி எழுதவும்.’ நறுக்கென்று இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். பெஞ்சமின் சார் அதைப் படித்துவிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, முழுதையும் அழித்தார். நான் எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டேன். டீ வாங்கிக் குடித்து, அது ஆறி, இன்னொன்று வாங்கிக் குடித்த பிறகுதான் திரும்பினேன். மனுஷன் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்னதை அன்றைக்கு நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டேன். பிற்பாடு நானே ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து அனுப்பினால், டாக்டர் சரி என்று ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவார். நாளைக்கு இன்சூரன்ஸ்காரர்கள் எல்லாவற்றையும் கிளறும்போது அந்தக் கேள்வியும் அவர்கள் கண்ணில் படும். டாக்டர் சொல்லவில்லை, கோடர் சொல்லவைத்திருக்கிறாள் என்று சொல்லி மொத்தத்தையும் தூக்கி எறிவார்கள். அப்புறம் அந்த அம்மா மூன்றாவது தடவை கேட்கவே முடியாது.

“நீங்க கோவத்துல எழுதினா அந்தம்மாவுக்குத்தாம்மா நஷ்டம்” என்றார்.

உட்கார்ந்தேன். இரண்டு பேருமாக எழுதினோம். இன்ன தேதி எக்ஸ்ரேயில் இன்னது இருக்கிறது, உங்கள் முடிவில் இன்னது இருக்கிறது, இன்ன ஆபரேஷன் திட்டமிட்டிருக்கிறீர்கள், எலும்பு கூடியிருக்கும் நிலையைத் தெளிவுபடுத்தவும். கீழே வரிசையாக: ஒழுங்காக, தாமதமாக, கூடாமல், கோணலாக, வேறு, சொல்ல இயலவில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் ஒவ்வொரு சொல்லாக வைத்தார். ‘ஆனால்’ என்று ஓர் இடத்தில் நான் போட்டிருந்ததைக்கூட எடுத்துவிட்டார், அந்த ஒரு சொல்லே இழுக்கிறது என்று. அட ராமா, இந்த மனுஷன் வீட்டில் குழம்புக்கு உப்பை எப்படிப் போடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கணவரைத் தூக்க முடியாததையும் அதில் சேர்க்க வேண்டும். கேட்டால் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சார்ட்டில் அந்த வரியைத் தேடிப் பார்த்தார்.

“கையோட தொந்தரவுன்னு அவங்க வாயால சொன்னதுதானே? அப்படியே போடுங்க. நம்ம சொல்ல வேணாம், அந்தம்மாவே சொல்லட்டும்.”

அதைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

கேள்வி போய்விட்டது. பதில் வருகிறவரை அந்தச் சார்ட்டை மூடாமல் நிறுத்தி வைப்போம். பதில் வந்தபாடில்லை. நினைவூட்டி ஒன்று அனுப்பினோம், அதற்கும் பதில் இல்லை. ஆபரேஷன் தியேட்டரிலேயே குடியிருக்கிற டாக்டர் போலிருக்கிறது.

அந்த நாட்களில் நான் வீட்டில் சரியாக இல்லை. சாயங்காலம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள், எனக்கு அந்தக் கட்டிலும் நாற்காலியும்தான் கண்ணில் நிற்கும். வேதா மாமி நான் செருப்பைக் கழற்றுவதற்குள், “என்னடி, பதில் வந்துதா?” என்பார். விவரம் எதுவும் சொல்லக்கூடாது என்பதால், ஒரு கை, சரியாகக் கூடவில்லை, டாக்டர் பதில் போடவேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். யார் கையென்று தெரியாமலேயே மாமி தாயார் சன்னதியில் அந்தக் கைக்காக வேண்டிக்கொண்டார். பெருமாளுக்கு அட்ரஸ் தெரியாதா என்ன என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. உடம்பு நல்ல கட்டு, வயிறு அதைவிட. அவரைக் கட்டிலில் மரக்கட்டை மாதிரி படுக்கச் சொன்னேன். ஒரு பக்கம் அசையாதீங்க என்றேன். என் வலது மணிக்கட்டை வளைத்துத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, அவரைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கப் பார்த்தேன். இதென்ன புது வியாதி என்று கேட்டுக்கொண்டே அவரும் படுத்துக் கிடந்தார். அக்குளில் கையைக் கொடுத்தேன், முழங்காலை முட்டுக்கொடுத்தேன், நான் பிசியோதெரபி படித்தபோது சொல்லிக்கொடுத்த அத்தனை உபாயமும் செய்தேன். பாதிவரை வந்தார். வளைத்துக் கட்டிய கையில் பாரம் இறங்கியதும் விட்டுவிட்டேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரி சிரியென்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த நிமிஷத்தில் அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் பயந்துபோய், என்ன கலை, அடி கிடி பட்டுடுச்சா என்றார். உங்களை எங்கேயும் கொண்டுபோய் விடமாட்டேன் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார்.

மாதக் கடைசி வந்தது. நிறுத்தி வைத்த சார்ட்டுகளையெல்லாம் மூடச் சொல்லி அக்கவுண்ட் மேனேஜர் நெருக்கினார். அவரையும் குறை சொல்ல முடியாது, எங்களுக்குச் சார்ட் அனுப்புகிற அமெரிக்க ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் கழுத்தைப் பிடித்திருந்தார்கள். பதில் வராத சார்ட்டை, எழுதியிருப்பதை வைத்து மூடிவிடலாம் என்பதும் வழக்கம்தான். எழுதியிருப்பதை வைத்து என்றால் ‘டி’. ‘டி’ போனால் இரண்டாவது மனுவும் தொலைந்தது. எழுதியிருப்பதைத்தான் போட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர் பெஞ்சமின் சார், அவர் என்ன செய்வார் என்று நான் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கண்ணாடி அறைக்குள் அவரும் மேனேஜரும் பேசியது வெளியே கேட்கவில்லை. மேனேஜர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். இவர் மேசையைப் பார்த்தபடி நின்றார். பிறகு வெளியே வந்து, மற்றதையெல்லாம் மூடிவிட்டு ஐஸ் அம்மாவை மட்டும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். தாமதத்துக்கு யார் கேட்டாலும் இனி அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஏன் சார் என்றேன்.

“சார்ட்ல ரெண்டு விதமா எழுதியிருக்கும்மா. ரெண்டுல ஒண்ண நானா எடுத்துக்கிட்டா, நானும் நீங்க பண்ணினதத்தானே பண்றேன்?”

அப்புறம் அவர் வழக்கம்போல நினைவூட்டல் அனுப்பவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் ஒரு பெண்மணி இருந்தார், அவரிடம் போனில் பேசினார். சார்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. ஒரு கேள்வி டாக்டரின் பார்வைக்குப் போகவே இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது, தயவுசெய்து அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவருடைய இங்கிலீஷ் அவருடைய தமிழ் மாதிரியே இருந்தது, நிறுத்தி நிதானமாக.

பதில் வந்துவிட்டது. கோணலாகக் கூடியது என்ற இடத்தில் டிக். கூடவே சார்ட்டில் திருத்தம் எழுதி, பழைய வரி தவறுதலாகத் தொடர்ந்து வந்துவிட்டது, கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி என்று ஒரு வரி. பெரிய மனுஷன்தான், சும்மா சொல்லக்கூடாது. அந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கை, எத்தனை கால்.

கடைசி எழுத்தை என்னையே போடச் சொன்னார் சார், மறுபடி ‘பி’ போட்டேன். திருத்தத்தோடு சார்ட் போயிற்று. பெஞ்சமின் சாரைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்து அவர் இடத்துக்குப் போனேன். அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், “அடுத்த சார்ட்டப் பாருங்கம்மா” என்றார்.

எங்கள் வேலையில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பாதிக் கதைதான் நம் கைக்கு வரும். அடுத்த விசிட் யாருடைய கம்ப்யூட்டரில் விழும் என்று சொல்ல முடியாது, தேடிப் பிடித்துப் பார்ப்பதும் கூடாது. காரணமில்லாமல் ஒருவர் சார்ட்டைத் திறந்தால் வேலையே போய்விடும். ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்ததா, மகள் பேசி வைத்த இடத்துக்குக் கணவரைக் கொண்டுபோய்விட்டார்களா, ஒன்றும் தெரியாது. பனிக்காலம் அங்கே முடிந்திருக்கும் என்று மட்டும் தெரியும். மாமி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். நானும் வேறு கைகள், வேறு கால்கள் என்று போய்விட்டேன்.

பல மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து முதல் சார்ட்டைத் திறக்கிறேன். வலது மணிக்கட்டு, தகடு வைத்து நேராக்கிய பின் காட்ட வந்தது. பனி, பக்கவாதம், கணவர். என் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. முதலில் எலும்பைத்தான் படித்தேன், பழக்கதோஷம். நேராக நிற்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தார். எக்ஸ்ரே குறிப்பையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், இந்தத் தடவை இரண்டும் ஒன்றையே சொன்னது. போட வேண்டிய கோடையெல்லாம் போட்டேன். மூடப்போகும்போது கடைசியில் டாக்டர் எழுதிய இன்னும் ஒரு பத்தி இருந்தது:

பாரம் தூக்கக்கூடாது என்று போன தடவையே நோயாளிக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வீட்டில் கணவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தினமும் தானே தூக்குவதாக இன்று ஒப்புக்கொண்டார். தகடு நகர்ந்துவிடும் அபாயத்தை மறுபடி விளக்கினேன். புரிகிறது என்கிறார். நாளைக் காலையிலும் தூக்குவேன் என்கிறார்.

டாக்டருக்கு வந்த எரிச்சல் வரிக்கு வரி தெரிந்தது.

டாக்டர் சொல்லைக் கேட்காத நோயாளி என்பதற்கு எங்களிடம் தனியாக ஒரு கோட் உண்டு. அதைப் போடும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். புத்தூரில் இருந்த காலத்தில், சொன்னதைக் கேட்காமல் மண்வெட்டியைத் தூக்கியவர்களிடம் நான் போடாத சண்டையில்லை. அன்றைக்கும் அந்தக் கோடைப் போட்டேன். போட்டுவிட்டு வாஷ்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஆசை தீர அழுதேன்.

தூக்கட்டுமே. அவங்க கை, அவங்க வீட்டுக்காரர்.